யூஜீனியா வாசித்த காற்று

செய்தி வந்தது காலை பத்து மணி இருபதுக்கு. மேசையிலிருந்த தொலைபேசி அடித்தபோது யூஜீனியா கணினியைப் போர்த்தியிருந்த துணியை உதறிக்கொண்டு நின்றாள். பேசியவர் கணவர் பீற்றர். விடியமுன் மற்ற ஆண்களோடு தேடப் போனவர், ஆலங்குடாவில் ஒரு விடுதியிலிருந்து அழைப்பு எடுத்திருந்தார்.

"வள்ளம் கிடைச்சிட்டுது," என்றார். பிறகு கடல் இரைச்சல்தான் கேட்டது.

வள்ளத்தில் போனவன் அவளுடைய தம்பி அன்ரனிப்பிள்ளை. அவன் கிடைத்திருந்தால் பீற்றர் வள்ளத்தைப் பற்றிக் கதைத்திருக்க மாட்டார். அவள் தொலைபேசியை வைத்தாள். இணையத்தில் ஒரு படத்தைக் கொண்டுவரப் பத்து நிமிடம் எடுக்கிற அந்தக் கம்பியில், இந்த ஒரு செய்தி மட்டும் தங்கி நிற்காமல் வந்து சேர்ந்தது.

தொண்ணூறாம் ஆண்டு மன்னார்க் கரையிலிருந்து குடும்பம் வள்ளமேறி வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது, தம்பிக்கு ஆறு. வழியெல்லாம் அவளுடைய மடியில் கிடந்து சத்தியெடுத்தவன், கற்பிட்டிக் கரையில் கண்டக்குழியில் இறங்கிய மறுநாளே இனிக் கடலுக்குப் பயமில்லை என்று சொல்லித் திரிந்தான். அப்படியே வளர்ந்தும் விட்டான்.

போர் முடிந்து, இரவு மீன்தொழிலுக்கு இருந்த தடைகள் எடுபட்டு மூன்று வருடங்களுக்குப் பின்னர், மகள் சுலக்சனாவின் படிப்புக்கென்று யூஜீனியா வீட்டுக்கு இணையம் எடுத்தாள். அந்தக் கரைத் தெருவில் அது ஒன்றுதான்; கைத்தொலைபேசிக்கும் அங்கே சிக்னல் எட்டாது. மகள் கொழும்புக்குப் போகும்போது தாய்க்கு ஒரு பக்கத்தைத் திறக்கக் காட்டிக்கொடுத்தாள். கடலின் படம், அதன்மேல் காற்று வண்ணமாக ஓடும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும், சிவப்பு என்றால் வள்ளத்தை மேலே இழுத்துவிட வேண்டும். கீழ் மூலையில் சின்ன எழுத்தில் திகதி இருக்கும். "முதல்ல திகதியைப் பாருங்க அம்மா," என்று மகள் சொல்லியிருந்தாள்.

பிறகு அது ஊர்வழக்கமாகிவிட்டது. பின்னேரம் ஐந்து மணிக்குக் கிடுகு வேலியோரம் ஏழெட்டுப் பேர் வந்து நிற்பார்கள். யூஜீனியா யன்னலடியில் இருந்து காற்றை வாசிப்பாள். வானொலி கார்த்திகை மாதம் முழுக்கக் காற்றுக் கூடலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவள் சொன்னால் போனார்கள், நில் என்றால் நின்றார்கள். கோயில் வாசலில் வயதானவர்கள்கூட அவளுக்கு வழிவிட்டார்கள். அன்ரனிப்பிள்ளை மட்டும் அவளைக் காற்றுக்காரி என்று பகிடி பண்ணுவான்.

உப்புக்காற்றில் கம்பி அரித்து, இணையம் வருடத்துக்கு வருடம் மெதுவானது. இணையம் தந்த கம்பனியில் இருந்து வந்தவர்கள் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். படம் துண்டு துண்டாக இறங்கும். கற்பிட்டி தெரியும்போது கடல் தெரியாது. வேலியோரம் நிற்பவர்கள் பீடி முடிந்து இன்னொன்றும் பற்றவைப்பார்கள்.

"அக்கா, உன்ர பெட்டி கொட்டாவி விட்டு முடியிறதுக்குள்ள நான் போய் மீனோட வந்திருவன்," என்பான் தம்பி.

அன்ரனிப்பிள்ளை தொலைந்த வருடம் ஆவணியில் புத்தளத்திலிருந்து இன்சாப் என்றொருவர் வந்தார். வேறொரு கம்பனி. கரைத் தெருவில் பத்து வீடுகள் கையெழுத்து வைத்தால் புதிய கேபிள் இழுத்துத் தருவதாகச் சொல்லி, பத்து வரிகள் போட்ட ஒரு கடதாசியை யூஜீனியாவிடம் கொடுத்தார். ஊர் அவளைத்தான் நம்பும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

இரண்டு கிழமையில் ஒன்பது பேர் கையெழுத்து வைத்துவிட்டார்கள். ஒன்பதாவது அன்ரனிப்பிள்ளை.

"பத்தாவது நீதான். வீட்டுக்காரி கடைசியாத்தான் சாப்பிடோணும்," என்று பேனையை அவளிடம் நீட்டினான்.

பேனையை வாங்கியவள், ஒருக்கால் விசாரித்துப் பார்ப்போம் என்றாள். பழைய இணைப்பை வெட்டினால் புதியது வரப் பத்து நாள் செல்லும், அதுவரை காற்றை யார் பார்ப்பது என்று கேட்டாள். நம்பரும் மாறிவிடும், மகள் எப்படி எடுப்பாள் என்றாள். எல்லாம் நியாயமான கேள்விகள். இன்சாப் இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அதற்குப் பிறகும் கடதாசி அலுமாரியில், கட்டில் விரிப்புகளுக்கு இடையில் கிடந்தது.

தம்பியின் மனைவி நிசாந்தி ஒருநாள் நேரடியாகவே கேட்டாள். "மச்சாள், அந்தக் கடதாசி போயிட்டுதோ?"

"போகும், போகும். என்ன அவசரம்?"

"அவசரம் எனக்கில்ல. கடலுக்குப் போறவருக்குத்தான்."

அன்றிரவு யூஜீனியா அலுமாரியைத் திறந்து, திரும்பவும் சாத்தினாள். அவள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. எல்லா வீட்டிலும் அந்தப் படம் ஓடினால் ஐந்து மணிக்கு வேலியோரம் யார் வருவார்கள்?

கார்த்திகைக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. வானம் வெளித்திருந்தது. காகங்கள் மட்டும் நேரத்தோடு பனைகளில் அடைந்துவிட்டன. அன்று வள்ளத்துத் துணையாளுக்குக் காய்ச்சல் என்று தம்பி தனியே நின்றான். யூஜீனியா பக்கத்தைத் திறந்தாள். படம் உடனே வந்தது. சுற்றும் வளையம் இல்லை, துண்டுகள் இல்லை. கரை முழுக்கப் பச்சை.

"இண்டைக்குப் பெட்டிக்கு நல்ல சாப்பாடு போல," என்றான் அவன்.

அவளுக்கும் சந்தோஷம்தான். இனிப் புதிய கேபிள் எதற்கு என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். காற்று மெது, விடியும்வரை பயமில்லை என்று வாசித்தாள். தம்பி ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான். மற்றவர்கள் அன்று நிலத்துக்குள் கிடந்த உள்ளேரியில் வலை வைத்திருந்தார்கள். வெளிக்கடலுக்குப் போனது அவன் ஒருவன்தான்.

ஒன்பது மணியளவில் மேற்கிலிருந்து காற்று எழுந்தது. கூரைத் தகரம் தட்டத் தொடங்கியபோது அவள் கணினிக்கு ஓடினாள். அதே பச்சை. அப்போதுதான் கீழ் மூலையைப் பார்த்தாள். புதன்கிழமைத் திகதி. இணையம் மட்டும் பின்னேரத்துக்கு முன்னரே நின்றுபோயிருந்தது. கணினி தன்னிடம் சேர்த்துவைத்திருந்த முதல்நாள் படத்தையே எடுத்துக் காட்டியிருந்தது. கரையில் நின்று கூப்பிட்டாலும் அவனுக்குக் கேட்காத தூரத்தில் அவன் இருந்தான்.

மூன்றாம் நாள் தலவிலப் பக்கம் உடல் ஒதுங்கியது. அடக்கத்தன்று நிசாந்தி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கம்பனியைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள், கடதாசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் யூஜீனியாவுக்கு மூச்சாவது வந்திருக்கும். எட்டாம் நாள் பூசை முடிந்த பின்னேரமும் ஐந்து மணிக்கு ஆண்கள் வேலியோரம் வந்து நின்றார்கள். அவளை யாரும் பிழை சொல்லவில்லை; காற்றைச் சொல்லச் சொன்னார்கள். அவள் யன்னலைச் சாத்தினாள்.

தை மாதம் இன்சாப் மூன்றாம் தரம் கூப்பிட்டார். செய்தி கேள்விப்பட்டதாகச் சொல்லித் துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, மற்ற வீட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்களே, பத்துக் கையெழுத்தும் சரியா என்று கேட்டார். பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவள் அலுமாரியைத் திறந்தாள்.

கடதாசி விரிப்புகளுக்கு இடையில்தான் இருந்தது. ஒன்பதாவது வரியில் தம்பியின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வாலை நீட்டி இழுத்தபடி. பத்தாவது வரி இன்னும் நிரப்பப்படவில்லை.