ஆணியில் இல்லாத பில்லை

எரிச்சல் முதலில் என்மேல்தான். அதைச் சொல்லிவிட்டு அந்த நண்பனிடம் வருகிறேன்.

எங்கள் வீட்டுக் கதவோரம் ஓர் ஆணி. அதில் அப்பாவின் பித்தளைப் பில்லை தொங்கும், நடுவில் அவர் நம்பர். தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்டுக்குப் போகிறவர் சுரங்க வாசல் பலகையிலிருந்து தன் பில்லையை எடுத்துக்கொண்டுதான் கேஜில், அந்த இரும்புக்கூண்டு லிஃப்டில், இறங்குவார். மேலே வந்ததும் திரும்ப மாட்டுவார். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிய அன்று அப்பா பில்லையைத் திருப்பி மாட்டவில்லை; வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் பால் வாங்கப் போனாலும் பில்லை சட்டைப்பையில். திரும்பி வந்தால் ஆணியில். அம்மா ஆணியைப் பார்த்துத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பார்.

நான் எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். பழைய பொருள் என்றால் பைத்தியம். ஆபீஸ் நண்பன் ஒருவன் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னதும், ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா தூங்கும்போது கேட்காமலே பில்லையைக் கழற்றி, எங்கள் ஊருக்கு வந்திருந்த அவனிடம் கொடுத்தேன். ஒரு வாரம்தானே.

அன்று சாயங்காலமே அம்மா வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அடுத்தவன் பில்லைய தொட்டா வேலையவிட்டே தூக்குவான். நீ இன்னாத்த படிச்ச?" என்றார் அப்பா.

அம்மா திட்டவில்லை. தினமும் ஆணியைப் பார்ப்பார், திடுக்கிடுவார், உள்ளே எட்டிப்பார்த்து அவர் இருப்பதை உறுதி செய்துகொள்வார். "உள்ளதான் கீறாரு, தெரியுது. மனசு கேக்க மாட்டேங்குது."

வாரம் மாதமானது. தேடிப்போனால், கண்காட்சி என்று அவன் சொன்னது ஒரு காபிக் கடை. நண்பனும் அவன் அண்ணனும் திறந்தது. காபி கேட்டால் கையில் ஒரு பில்லை கொடுக்கிறார்கள், டேபிள் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி. தட்டில் முப்பது நாற்பது கிடந்தன. எங்கள் ஊரிலேயே வீடுவீடாகப் போய் வாங்கியிருக்கிறான். ஒவ்வொரு ஸ்டிக்கராகப் பிய்த்து அப்பாவின் நம்பரைத் தேடி எடுத்தேன்.

"டேபிளுக்கு ஒன்னு கொறையுமே மச்சா. சரி, அதுக்குப் பதிலா வேற ஒன்னு எடுத்துக்கோ. எல்லாம் ஒரே பித்தளைதானே," என்றான் நண்பன்.

வேற ஒன்று. அவன் சட்டையைப் பிடிக்காமல் அப்பாவுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்ததற்கு எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அப்பா ஸ்டிக்கர் பசையைப் புளி போட்டுத் தேய்த்தார். ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார்:

"மத்தவங்களது?"

"அங்கயே இருக்குதுப்பா."

"அத்தன பேர கீழ விட்டுட்டு நீ மட்டும் ஏறி வந்துட்டியா?"

அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார். மறுநாள் காலை பையிலிருந்து மதியச் சோற்று டப்பாவை எடுத்து வைத்துவிட்டு, மற்ற பில்லைகளைக் கொண்டுவரக் காலிப் பையோடு ரயிலேறினேன்.