தீவில் மலை இருக்கிறதா என்று கேட்டவர்

பொகவந்தலாவை பஸ்ஸில் வளைவு வந்தால் எல்லோரும் பள்ளத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். நான் கண்ணையே மூடிக்கொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அக்கா மட்டும் மேலே, மலைச்சரிவையே பார்த்துக்கொண்டு வந்தார். தேயிலைக் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்கள். மடியில் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் தெரிந்தன. ஒவ்வொரு வளைவிலும் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நோர்வூட் வருவதற்குள் இரண்டு தடவை வாந்தியெடுக்கும் வீரனான நான், வடக்கே கடல் நடுவில் இருக்கும் நெடுந்தீவுக்கு வேனிலும் பிறகு படகிலுமாகப் போக, கூட்டாளியோடு போனில் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். வழியில் எங்கெங்கே நிறுத்திப் படம் எடுப்பது என்பதுதான் எங்கள் பெரிய கவலை.

போனை வைத்ததும் அவர் கேட்டார்: "அந்தத் தீவுல மலை இருக்குங்களா தம்பி?"

"ஒரு மேடுகூட இல்லீங்கக்கா. ரொட்டிக் கல்லு மாதிரி தட்டையா கெடக்கும்."

"அப்ப மண்ணு சரியாது."

தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறதாம். "எந்திரிச்சுப் போங்கன்னு ஆபீசருங்க சொல்லிட்டாங்க. எங்க போறதுன்னு கேட்டா, மழை விடட்டும், பேசலாங்கிறாங்க."

சும்மா இருக்கத் தெரியாத வாய் எனக்கு. "எங்க வேன்ல ஒரு சீட்டு இருக்கு, வாறீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாங்க ஆறு பேருங்க," என்றார்.

பையை நெஞ்சோடு அணைத்தபடி அடுத்த தரிப்பில் இறங்கிப் போனார்.

நாங்கள் இன்னும் நெடுந்தீவுக்குப் போகவில்லை. மழை பிடித்துக்கொண்டால் மட்டும், அந்த வேனில் ஆறு பேரை எப்படி உட்கார வைப்பது என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.