அக்கா நூலில் கோர்த்த போல்ட்டுகள்

இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் முதலில் ஒரு நல்ல சேதி. அக்காவின் வண்டி ஓடுகிறது.

வருஷத் திதி மலரில் எடுத்த எடுப்பில் இதையா எழுதுவது என்று அத்தான் கேட்டார். இதைத்தான் எழுத வேண்டும் என்றேன். அக்காவை அறிந்த எல்லாருக்கும் அந்த வண்டியையும் தெரியும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கேரளக் கடலிலும் குஜராத் கடலிலும் கூலிக்கு வலை இழுத்துவிட்டு, இப்போது கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து நிலக்கரி லாரி ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதை வேறு யாரிடமும் விட மனமில்லை.

அக்கா காரைக்கால்மேட்டில் பிறந்தார். அவர் மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவர்கள் தங்கவில்லை. சுனாமியில் அப்பாவின் படகும் வீடும் போயின. அப்பா அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. அக்காவைக் கட்டிய அத்தான் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். கயிறு சுற்றும் இயந்திரத்தில் கால் சிக்கியதோடு அவருக்குக் கடல் முடிந்தது. மகள் சுகன்யா அப்போது கைக்குழந்தை. மறுவாரமே அக்கா மீன் கூடையைத் தூக்கினார். இதையெல்லாம் அவர் ஒரு நாளும் பெரிதாகப் பேசியதில்லை. நானும் பெரிதாக எழுதப் போவதில்லை.

கூடையோடு நின்றால் பஸ் நிற்காமல் போய்விடும். அதனால் அக்கா ஒரு பழைய நூறு சிசி மோட்டார் சைக்கிளை வாங்கினார். பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரிச்சிக்குடிப் பக்கத்துத் தெருக்களுக்கெல்லாம் மீன் கொண்டுபோனார். ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகும் மீன் தண்ணீர் நேராகச் செயினில்தான் விழும். உப்பு சும்மா இருக்காது. செயின், ஸ்போக்ஸ், பிரேக் என்று மாதம் ஒன்று போகும். பட்டறையில் விட்டால் வாசனை பொறுக்காமல் கடைசியில் தள்ளி நிறுத்துவார்கள். வண்டி திரும்பி வருவதற்குள் வாடிக்கைக்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கியிருப்பார்கள்.

“நாத்தம் அடிக்குதுன்னு ஓரமா தள்ளி வுடுறாங்க,” என்றார் அக்கா. “அங்க கெடக்குறதுக்கு என் வாசல்லயே கெடக்கட்டும்.”

அன்று முதல் வண்டி வேறு ஆள் கையைப் பார்க்கவில்லை. அக்கா போனில் வீடியோ பார்ப்பார், பிரிப்பார், துடைப்பார், மாட்டுவார். தினமும் வியாபாரம் முடிந்ததும் செயினில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, ஆயில் போட்ட பிறகுதான் தாம் சாப்பிட உட்காருவார். பெரிய வேலைகளை மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்கி வைப்பார். படகுகளெல்லாம் கரையேறிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில் எங்கள் வாசலில் எஞ்சின் திறந்து கிடக்கும். “உங்க ஊட்டுப் படகு எப்பதான் தண்ணியில எறங்குது?” என்று தெருவில் கேலி செய்வார்கள்.

கழற்றிய போல்ட்டுகளை அக்கா கிண்ணத்தில் போட்டு வைப்பதில்லை. வலை பின்னுகிற வீட்டுப் பெண் அல்லவா! கழற்றக் கழற்ற வலை நூலில் கோர்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டு, வாசல் பந்தலின் மூங்கிலில் தொங்கவிடுவார். மாட்டும்போது கடைசி முடிச்சிலிருந்து ஆரம்பிப்பார். எஞ்சின் மூடியின் போல்ட்டுகள் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம் மட்டும் மாறும். நீளமானது குட்டை இருக்க வேண்டிய ஓட்டையில் போனால் மூடி விரிசல் விடும். நூல் இருந்தால் அந்தக் கவலை இல்லை.

ஒன்றை மட்டும் அவர் சரிசெய்யவே இல்லை. சைலன்சர் உப்பு அரித்து ஓட்டையாகி, படபடவென்று ஒரு சத்தம் போடும். மாற்றச் சொன்னால், “அதுதான்டா என் ஹாரனு,” என்பார்.

போன வருடம் தடைக்காலத்தின் கடைசியில் கிளட்ச் பிளேட் மாற்ற எஞ்சினின் வலப்பக்கத்தைத் திறந்தார். பாதி வேலையில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டிருப்பதாகச் சொல்லிப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். நான் லோடோடு சேலத்தில் இருந்தேன். போனில் அவர் என்னிடம் தம் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “வண்டி பாதியில கெடக்கு தம்பி. யாரும் தொட வேணாம். நான் வந்து மாட்டிக்கிறேன்,” என்றார். வரவில்லை.

ஒரு வருடம் வண்டி அப்படியே வயிறு திறந்து நின்றது. அத்தான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சுகன்யா ஷேர் ஆட்டோவில் கூடையை ஏற்றி மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றாள். அக்கா வாடிக்கை பிடித்து வைத்த தெருக்கள் கைவிட்டுப் போயின. இந்த வருடம் நான் லீவு போட்டு வந்து இறங்கியதும் அத்தான் சொன்னார்: “திதிக்கு நாலு பேரு வருவாங்க. இது இப்படிக் கெடக்கக் கூடாது. ஓடுனா ஓடட்டும், இல்லன்னா காயலான் கடைக்குப் போவட்டும்.”

அவர் கோபத்தில் சொல்லவில்லை. பார்க்க முடியாமல் சொன்னார்.

சுகன்யா என்னை ஓரமாக அழைத்து, “மாமா, லாரி ஓட்டுறீங்கல்ல, இது தெரியாதா?” என்றாள். ஓட்டத்தான் தெரியும் என்றேன். இரண்டு பேரும் அக்காவின் ஸ்பேனர்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். புது கிளட்ச் பிளேட்டுகள் அக்கா வாங்கிய கவரிலேயே இருந்தன. மூடி இருந்தது. கிக்கர் இருந்தது. போல்ட் நூலை மட்டும் காணோம். சாவு வீட்டுக்குப் பந்தல் போட்ட அன்று யாரோ வாசலை ஒழித்திருக்கிறார்கள். பரணில், கோணிப்பையில், கோழிக்கூண்டின் மேல் என்று கலைத்துப் போட்டுத் தேடினோம். பட்டறைக்காரரைக் கேட்டால், ஒரு வருடமாகத் திறந்து கிடந்த எஞ்சினைத் தாம் தொட்டுப் பெயர் கெட வேண்டாம் என்றார். திதி நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சித்தப்பா எங்கள் தேடலைப் பார்த்து, என்ன தொலைந்தது என்று கேட்டார். இரும்பு போல்ட்டுகள், நூலில் முடிந்து மூங்கிலில் தொங்கியவை என்று சொன்னேன். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“அது என் வலையிலடா கெடக்கு,” என்றார்.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவில்லை.

“நூல்ல கோத்து, முடிச்சுப் போட்டு, வரிசையா இரும்பு தொங்குது. வலை அமுங்கக் கட்டுற ஈயக்குண்டுக்குப் பதிலா அவதான் ஏதோ கட்டி வச்சிருக்கான்னு நெனச்சேன். பந்தல்காரன் மிதிச்சிடப் போறான்னு எடுத்துட்டுப் போயி அடிக்கயித்துல கட்டிட்டேன். மீனவன் ஊட்டு வாசல்ல தொங்குனா வேற என்னன்னு நெனப்பான் ஒருத்தன்?”

அக்காவின் எஞ்சின் போல்ட்டுகள் ஒரு வருடமாகக் கடலுக்குப் போய் மீன் பிடித்துக்கொண்டிருந்தன! சுகன்யா சிரிக்க ஆரம்பித்தாள். தாய் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு ஒரே ஒரு பயம். முடிச்சை அவிழ்த்துத் தனித்தனியாகக் கட்டினீர்களா என்று கேட்டேன்.

“எங்க அவுக்கறது? அவ போட்ட முடிச்சு. பல்லால இழுத்தும் வரல. அப்படியே சேத்துக் கட்டிட்டேன்.”

கரைக்கு ஓடினோம். வலையை விரித்து அடிக்கயிற்றைத் தடவிக்கொண்டே போனோம். ஈயம், ஈயம், ஈயம், பிறகு துருப்பிடித்துச் சிவந்த போல்ட்டுகள், அக்கா கழற்றிய அதே வரிசையில், ஒன்றுகூட இடம் மாறாமல். நான் கத்தியதில் கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

துருவேறியவை இனி உதவா. ஆனால் எங்களுக்குத் தேவைப்பட்டது வரிசைதான். சுகன்யா நூலோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், ஒவ்வொன்றின் பக்கத்திலும் வைத்து அளந்து புதிதாக வாங்கி வந்தாள். புது பேக்கிங் வைத்து, கடைசி முடிச்சிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டினோம். எல்லாம் விரலாலேயே உள்ளே இறங்கின. ஆயில் ஊற்றினோம். கார்புரேட்டரைக் கழுவினோம். பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிது போட்டோம். சுகன்யா உதைத்தாள். ஒன்றுமில்லை. நான் உதைத்தேன். இருமியது. சோக்கை இழுத்துவிட்டு அவளே மறுபடி உதைத்தாள்.

படபடவென்று பிடித்துக்கொண்டது. வாசல் முழுக்கப் புகை. நான் குதித்தேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். தெருவே வந்து நின்றது. அத்தான் ஊன்றுகோலோடு வெளியே வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு சொன்னார்: “செயின் தொளதொளன்னு அடிக்குது. அவ இப்படி வுட மாட்டா.” தாமே குனிந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கேட்டு வாங்கினார்.

தடைக்காலம் முடிந்து படகுகள் வந்த காலையில் சுகன்யா ஐஸ் பெட்டியைக் கட்டினாள். நான் இரவல் வண்டியில் பின்னால் போனேன். வரிச்சிக்குடியில் அவள் முதல் தெருவில் திரும்பியதுதான் தாமதம், வண்டி நிற்பதற்குள்ளேயே அந்தப் படபட சத்தம் கேட்டு ஒரு வீட்டம்மா பாத்திரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். வண்டியில் இருப்பது அக்கா இல்லை, மகள் என்று கண்டதும் பாத்திரத்தைத் தாழ்த்தினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பாத்திரத்தை நீட்டி, “என்ன மீனு கொண்டாந்திருக்க?” என்று கேட்டார்.

அக்காவை ஆஸ்பத்திரியில் கவனித்துக்கொண்டவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், ஒரு வருடமாக அத்தானுக்குச் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்துக்கும், அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் விட்ட சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திதிக்கு அவசியம் வாருங்கள். வாசலில் வண்டி நிற்கும். பக்கத்தில் மூங்கிலில் நூலில் கோர்த்த இரும்பு தொங்கும். சுகன்யா பின் பிரேக்கைப் பிரித்திருக்கிறாள். தயவுசெய்து யாரும் அதை வலைக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.