அம்மன் காலடியில் என் பெயர்

நான் வேதக்காரன், கிறிஸ்தவன். ஆனால் 1950-களின் கடைசியில், சிவகாசியில் காலண்டருக்கு மாரியம்மன் படம் வரைந்துகொண்டிருந்தேன். படத்தின் அடியில் என் கையெழுத்து வேண்டும் என்று அச்சாபீஸ் முதலாளியிடம் மல்லுக்கு நின்றேன்.

“அம்மன் காலடியில வேதக்காரன் பேரு இருந்தா எவம்ப்பா ஆர்டர் குடுப்பான்?” என்றார்.

“பேரு போடாட்டி நான் ஓவியன் இல்ல, வெறும் கூலி. வேற ஆளப் பாருங்க” என்றேன்.

சீசன் நேரம். வேறு ஆள் கிடைக்காமல், எறும்பு அளவு எழுத்துக்குச் சம்மதித்தார்.

மறு வருடம் வெம்பக்கோட்டைப் பக்கம் சைக்கிளில் போனபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டோரம் ஒதுங்கினேன்.

“நனையாதீக, உள்ள வாங்க” என்றார் அந்த வீட்டு அம்மா.

உள்ளே சுவரில் என் மாரியம்மன். தேதித் தாளையும் கம்பெனி பெயரையும் வெட்டிவிட்டுக் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். என் பெயர் இருந்த இடத்தில் கண்ணாடிமேல் குங்குமம். வேதக்காரன் பெயரை மறைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சுருக்கென்றது.

“அங்கன எதுக்குக் குங்குமம்?” என்று கேட்டேவிட்டேன்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. ஆத்தா காலடியில எழுதியிருக்குன்னா மந்திரமாத்தான இருக்கும்? வெள்ளிக்கிழமையானா அதுக்கும் ஒரு பொட்டு வைக்கேன். ஆமா, நீங்க என்ன வேல பாக்கீக?”

ஓவியன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

“அச்சாபீசுல வேலை” என்றேன்.

அதற்குப் பிறகும் எல்லாப் படத்திலும் கையெழுத்துப் போட்டேன், அதை விடவில்லை. அந்த ஒரு சுவரில் மட்டும் அது மந்திரமாக இருந்தது. நான் வாயைத் திறந்திருந்தால், அங்கேயும் அது வெறும் பெயராகிப் போயிருக்கும்.