மல்லாட்டைக் கிடங்கில் ஒரு கார் ஸ்டுடியோ

முதல் படத்திலேயே மாட்டிக்கொண்டேன். விற்பனைக்கு நின்ற ஒரு கறுப்பு காரை எடுத்துக் கொடுத்திருந்தேன். படம் இன்டர்நெட்டில் ஏறிய மறுநாள் பஷீர் பாய் போன் செய்தார்.

"மேரிம்மா, ஒரு பார்ட்டி கூப்பிட்டாரு. வண்டி கதவுல மஞ்ச சுடிதார் போட்டுக்கினு ஒரு அம்மா நிக்கிறாங்களே, அவங்கதான் ஓனரான்னு கேக்குறாரு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்தான். கேமராவைக் கண்ணில் வைத்தபடி கதவுக்குள் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பெட்ரோல் பங்கும், சாலையில் போன பஸ்ஸும் தெரிந்தன. எல்லாம் இருந்தது, கார் மட்டும் சரியாகத் தெரியவில்லை.

விழுப்புரத்தில் அப்போது எனக்குச் சின்ன ஸ்டுடியோ இருந்தது. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், சர்ச்சில் புதுநன்மை விழா, இவைதான் என் தொழில். எல்லோர் கையிலும் கேமரா செல்போன் வந்துவிட, கடை ஈயாடிக்கொண்டிருந்தது. பஷீர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்து, திண்டிவனம் பைபாஸ் ஓரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் யார்டு போட்டிருந்தார். அங்கே பதினோரு கார்கள் நகராமல் நின்றன. வெளியூர்க்காரர்கள் படத்தைப் பார்த்துத்தான் வருவார்கள். அவர் செல்போனில் எடுத்த படங்களை நம்பி ஒருவரும் வரவில்லை. தன் மகள் கல்யாணத்தில் படம் எடுத்தவள் என்ற நினைவில் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"ரம்ஜான் வரைக்கும் பாக்குறேன்மா. ஓடலன்னா மறுபடி துபாய்தான். இந்த வயசுல போக இஷ்டமில்ல" என்றார்.

மஞ்சள் சுடிதாருக்காக அவர் என்னை நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். "என்ன வேணும், சொல்லுங்க. செஞ்சிக்கலாம்" என்று மட்டும் கேட்டார்.

1. யானைக்கு லுங்கி

மனித முகம் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும். கார் வாங்காது, எதிரில் இருப்பதை அப்படியே திருப்பிக் காட்டும். காரை எடுக்கிறோம் என்று நினைக்கிறோம். காரைச் சுற்றி இருப்பதைத்தான் எடுக்கிறோம். இது புரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. புரிந்ததும், வெறும் சுவர் உள்ள இடம் வேண்டும் என்று கேட்டேன்.

யார்டுக்குப் பின்னால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்று காலியாகக் கிடந்தது. நாற்பதடி நீளம், ஜன்னல் இல்லை, ஒரே ஒரு ஷட்டர். பாய் அதை வாடகைக்குப் பிடித்தார். சுவருக்கு வெள்ளை அடித்தோம், தரைக்குச் சாம்பல் நிறம் பூசினோம். மேலே இரண்டு வரிசையில் எட்டு டியூப் லைட் மாட்டினோம்.

உள்ளே காரைத் தள்ளி நிறுத்தினால், டியூப் லைட் எல்லாம் கூரையிலும் பானெட்டிலும் கோடு கோடாக விழுந்தன. விளக்குக்கும் காருக்கும் நடுவே வெள்ளைத் துணி கட்டினால் வெளிச்சம் பரவும் என்று தோன்றியது. என் வீட்டுக்காரர் ஜெரோம் ஒரு டெய்லர். பதினெட்டடிக்குப் பன்னிரண்டடி துணி தைத்துத் தரச் சொன்னேன்.

"யாருக்குடி இது, யானைக்கு லுங்கியா?" என்றார். ஆனால் ஒரே நாளில் தைத்து, ஓரத்தில் வளையமும் கோத்து, அவரே ஏணி போட்டுக் கம்பியில் மாட்டிக் கொடுத்தார். ஸ்கிரீன் மாதிரி இழுத்தால் மூடும், தள்ளினால் திறக்கும்.

மற்றவை தப்பு செய்து கற்றவை. ஷட்டரை முழுக்க இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் வெளி வெளிச்சமும் கலந்து, கார் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் வரும். கிட்டே நின்று வைடு லென்ஸில் எடுத்தால் காருக்கு மூக்கு வீங்கும். கடைசிச் சுவர் வரை பின்னால் போய், டிரைபாடை ஹெட்லைட் உயரத்துக்கு இறக்கி எடுக்க வேண்டும். எடுப்பவர் கறுப்பு உடை போட வேண்டும்.

அதே கறுப்பு காரை மறுபடி எடுத்தேன். பாய் கம்ப்யூட்டர் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"நான் வாங்குனப்போகூட இது இவ்ளோ அழகா இல்லியே மேரிம்மா!"

அந்த வாரமே அது விற்றது. அடுத்த மாதத்துக்குள் இன்னும் மூன்று போயின.

2. எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்கள்

ஒரு சில்வர் கலர் காரைக் கிடங்கில் நிறுத்தியபோது துணி இன்னும் மூடவில்லை. இடது பின்கதவில் விழுந்த டியூப் லைட் கோடு ஓரிடத்தில் நெளிந்திருந்தது. எப்போதோ அடிபட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த கதவு. துணியை இழுத்தேன். நெளிவு மறைந்தது. கதவு புதிது போல் ஆனது. எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. எடுத்து அனுப்பிவிட்டேன்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியோடும் அம்மாவோடும் இரண்டு பஸ் மாறி வந்தார். படத்தைப் பார்த்தே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்கள். அந்த அம்மாள் கையில் பூமாலையும் எலுமிச்சம்பழமும் இருந்த பை. கார் வெயிலில் நின்றது. மனைவிதான் முதலில் கதவைப் பார்த்தார்.

"ஏங்க, இந்தக் கதவு மட்டும் கலர் வேற மாதிரி இருக்குதே?"

கணவர் குனிந்து பார்த்தார், தடவிப் பார்த்தார். பிறகு பாயிடம் திரும்பினார். "போட்டோவுல இது இல்லியே. ஏமாத்துறதுக்கு ஒரு ஸ்டுடியோ வேற வெச்சிருக்கீங்களா? லீவு போட்டுட்டு வந்திருக்கேங்க."

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. வாங்கும்போது நான் கவனிக்கல" என்றார் பாய். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அந்த மனிதர் நம்பவில்லை.

நான் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். அந்த அம்மாள் மாலையை மறுபடி பைக்குள் வைப்பதைப் பார்த்தபின் முடியவில்லை.

"அவருக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். படம் எடுக்கும்போதே பார்த்தேன். மறைஞ்சா நல்லதுன்னு விட்டுட்டேன். தப்பு என்னுது" என்றேன்.

பாய் அவர்களை உட்காரவைத்து, டீ வரவழைத்து, மன்னிப்புக் கேட்டு, தன் வண்டியிலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் நான் டிரைபாடை மடித்து வைத்துவிட்டேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

பாய் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"இருபது வருஷம் வண்டியோடவே இருந்தவன் நான். எனக்குத் தெரியாத அடி உங்க கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப அத மொதல்ல எனக்குச் சொல்லணும்மா. அப்புறம் வாங்க வர்றவனுக்கும் சொல்லணும். டிரைபாட எடுங்க. இப்பவே அந்தக் கதவ எடுங்க."

3. கீறல் படங்கள்

அன்று முதல் ஒவ்வொரு காரையும் இரண்டு தடவை எடுத்தோம். துணியை மூடி ஒரு தடவை, அழகுக்கு. துணியைத் தள்ளிவிட்டு ஒரு தடவை, குறைக்கு. கோடு எங்கே நெளிகிறதோ அங்கே கிட்டே போய் எடுப்பேன். சீட்டில் கிழிசல், பம்பரில் கீறல், எதையும் விடுவதில்லை. முதலில் விசாரித்து வரும் போன் பாதியாகக் குறைந்தது. யார்டுக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் வந்தவர்கள் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு போவது நின்றது. ரம்ஜான் வந்தது. பாய் துபாய்க்குப் போகவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய பிரியாணி அனுப்பினார்.

கொஞ்ச நாளில் குவைத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். அங்கே நர்ஸ். ஒலக்கூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் அப்பாவுக்கு டயாலிசிஸுக்குப் போய்வர ஒரு கார் வேண்டும். "நான் வந்து பாக்க முடியாதுங்க. தம்பியும் மெட்ராஸ்ல இருக்கான். உங்க படத்த நம்பித்தான் வாங்குறேன்" என்றார்.

சாவி வாங்க அப்பாவே வந்தார், ஒரு டிரைவரைக் கூட்டிக்கொண்டு. மெலிந்த மனிதர், மடித்துக் கட்டிய வேட்டி. மகள் சொல்லிச் சொல்லி அவருக்குப் படங்கள் மனப்பாடமாகியிருந்தன. காரைச் சுற்றி மெல்ல நடந்தார். பின்பம்பரில் ஒரு கீறல் மேல் விரலை வைத்தார்.

"இது மூணாவது படத்துல இருக்கறது. சரியா?"

"சரிங்கய்யா."

முன்கண்ணாடி ஓரத்துப் புள்ளி, சீட்டுத் தையல், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"எம்பொண்ணு அங்கேந்தே எல்லாத்தயும் பாத்துட்டாம்மா" என்றார்.

பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து கதவைத் தானே சாத்திக்கொண்டார். கார் பைபாஸில் ஏறும்வரை பாயும் நானும் யார்டு வாசலில் நின்றோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்ன லைட், என்ன லென்ஸ் என்று கேட்கிறார்கள். எட்டு டியூப் லைட்டும் ஒரு வெள்ளைத் துணியும் போதும் என்பேன். வர முடியாத ஒருவருடைய கண்ணாக நாம் அங்கே நிற்கிறோம். அவர் நேரில் வந்திருந்தால் எதையெல்லாம் தொட்டுப் பார்த்திருப்பாரோ அதையெல்லாம் எடுங்கள். எனக்கு அதைச் செய்ய இன்னொரு வாய்ப்பு கொடுத்தவர் பஷீர் பாய். அவர் அன்றைக்கு என்னை வேலையை விட்டு அனுப்பியிருந்தால், அழகாகப் படம் எடுக்கத் தெரிந்தவளாக மட்டும் இருந்திருப்பேன்.