டிவி மறைத்த நாலு ஓரம்

நான் ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் லேப்டாப்பின் சின்னத் திரையைப் பார்க்கவே பிடிக்காது. ஆனால் லாரி ஓட்டும் கேமை விடவும் மனசில்லை. அதனால்தான் கடையில் பெரிய டிவி வாங்கி, லேப்டாப்பை அதில் மாட்டினேன்.

முதல் நாளே மலைப்பாதை நடுவில் லாரி நின்றுபோனது. டீசல் தீர்ந்திருந்தது. டீசல் அளவு திரையின் கீழ் ஓரத்தில் தெரியும். டிவியில் அந்த ஓரமே இல்லை. நாலு பக்கமும் படம் வெட்டுப்பட்டிருந்தது.

கடையில் சொன்னதும் சனிக்கிழமை மெக்கானிக் வந்தான். முப்பது வயதிருக்கும். வாசலிலேயே கேட்டான்:

"அண்ணாச்சி இல்லியாக்கா?"

"டிவி என்னோடது. என்கிட்ட சொல்லுங்க."

அவன் என் கணவர் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்தான். பிறகு லேப்டாப்பில் எதையோ அழுத்திப் படத்தைச் சுருக்கினான். ஓரம் தெரிந்தது; ஆனால் எழுத்தெல்லாம் மங்கிப்போனது. கண்ணுக்காக வாங்கிய டிவி!

"இவ்வளவுதான் வரும் அண்ணாச்சி. டிவில ஒண்ணுமில்ல. லேப்டாப் பழசு. அக்காவுக்கு இந்த வயசுல எதுக்கு கேமு?"

என் கணவர் சிரித்தார். எனக்கு அவன்மேல் வந்ததைவிட அந்தச் சிரிப்பின்மேல்தான் அதிக ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை, சாரல் சீசனில் அருவியில் குளிக்க வந்திருந்த சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு அவர் ஐந்தருவிக்குக் கிளம்பினார். "நீ வரலியாட்டி?" என்றார். வரவில்லை என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு ரிமோட்டோடு உட்கார்ந்தேன். டிவியின் மெனுவில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒலி, நிறம், வெளிச்சம். கடைசியில் படத்தின் அளவு. அதில் மூன்றாவதாக 'ஸ்கிரீன் ஃபிட்' என்று இருந்தது. அழுத்தினேன். அவன் லேப்டாப்பில் சுருக்கியதைப் பழையபடி நூறு சதவீதத்துக்குக் கொண்டுவந்தேன். நாலு ஓரமும் வந்து உட்கார்ந்தன. எழுத்து கத்தி மாதிரி பளிச்சென்று இருந்தது. டிவி தானாகவே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை வெளியே தள்ளியிருக்கிறது. லேப்டாப்பில் ஒரு கோளாறும் இல்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. டிவியில் மட்டும் அந்த அளவை மறுபடி பழைய இடத்திலேயே வைத்தேன்; ஓரம் திரும்பவும் வெட்டுப்பட்டது. அருவியிலிருந்து ஈரத் தலையோடு வந்த கணவரிடம், "அந்த மெக்கானிக்க நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

திங்கள் சாயங்காலம் வந்தான். அரை மணி நேரம் கேபிளைப் பிடுங்கினான், மாட்டினான்.

"நாந்தான் சொன்னேம்லா அண்ணாச்சி, லேப்டாப்ப மாத்தணும்."

ரிமோட்டை எடுத்தேன். நாலு அழுத்து. படம் சரியாக வந்து நின்றது. அவன் ரிமோட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இந்த மாடல் நமக்குப் பழக்கமில்லக்கா."

"பழக்கமில்லன்னு சனிக்கிழமையே சொல்லியிருக்கலாம்லா? என் லேப்டாப்ப எதுக்குக் குறை சொன்னீங்க? என் வயச எதுக்கு இழுத்தீங்க?"

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் என் கணவர், "பாவம்ட்டி, இவ்வளவு பேசிருக்க வேண்டாம்" என்றார். "அன்னைக்கு நீங்க சிரிச்சீங்களே, அப்ப நான் பாவமாத் தெரியலியா?" என்றேன்.

அடுத்த வாரம் சுரண்டையிலிருந்து அவருடைய தம்பி போன் செய்தார். அவர்கள் வீட்டு டிவியிலும் கேமின் ஓரம் தெரியவில்லையாம்.

"அது ஒண்ணுமில்லல, ரொம்ப ஈசி. நான் சொல்லுதேன் கேளு" என்று ஆரம்பித்தார் என் கணவர். "மொதல்ல லேப்டாப்புக்குப் போயி..."

நான் எழுந்துபோய் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.