மூன்று விரல் குறைந்த பாட்டில்

என் கல்யாணம் ஒரு விஸ்கி பாட்டிலால் நின்றுபோகப் பார்த்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு அடுக்களை வாசலில் நின்றிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்பா மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். எஸ்டேட்டை விட்டுச் சீமைக்குக் கிளம்பிய கடைசி வெள்ளைக்கார மேனேஜர் அப்பாவைப் பங்களாவுக்குக் கூப்பிட்டு, தன் அலமாரியிலிருந்து ஒரு ஸ்காட்ச் பாட்டிலை எடுத்துக் கையில் கொடுத்தார். பதினெட்டு வருஷம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்த சரக்கு என்று லேபிளில் போட்டிருக்கும். வாயில் கார்க், கார்க்குக்கு மேல் ஈயத்தகட்டு மூடி. "இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை" என்று சொல்லிக் கொடுத்தாராம். அப்பா ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். ஆனாலும் வேலைக்கு சாட்சியாக அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம் எதையும் அந்த மனுஷன் கொடுக்கவில்லை.

ரிடையராகி நாங்கள் சங்கரன்கோவிலுக்கு இறங்கி வந்தது எழுபதுகளின் நடுவில். மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். அம்மா சாமான் கட்டும்போதே சொல்லிவிட்டாள், "அந்தச் சவத்தை இங்கனயே ஊத்திட்டு வாங்க." அப்பா கேட்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் பாட்டிலைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பார்கள். சோதனை போட யார் வரப்போகிறார்கள்? ஆனால் என் அப்பா சட்டப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பர்மிட் வாங்கப் போனார்.

பர்மிட் என்றால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். மலைக்குளிரில் பிடித்த நெஞ்சுச் சளி அப்பாவுக்கு உண்மையிலேயே உண்டு. அதைச் சொல்லி ஒரு டாக்டரிடம் எழுதி வாங்கினார். ஃபாரத்தில் ஏற்கெனவே அச்சடித்திருந்த ஒரு வரியை அவர் வீட்டுக்கு வந்துதான் படித்தார். மனுதாரர் குடிப்பழக்கம் உள்ளவர், நிறுத்தினால் அவர் உடம்புக்கு ஆகாது என்கிற மாதிரி ஒரு வரி. பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த வரியை அடித்துவிட்டுக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கடைசியில் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"ஃபாரம் சொல்லுது. நான் சொல்லலை" என்றார்.

"ஆமா, ஊரு அப்படித்தான் பிரிச்சுப் பாக்கும்" என்றாள் அம்மா.

இப்படியாக, எங்கள் சர்ச் சபையிலேயே குடிக்காதவர் என்று பேர் எடுத்த கமிட்டி மெம்பர், சர்க்கார் காகிதத்தில் குடிகாரர் ஆனார். பாட்டிலை மச்சு ரூம் அலமாரியில், இனித் தேவைப்படாத கம்பளிக் கோட்டுகளுக்கு நடுவில் படுக்கப் போட்டார். நிறுத்தி வைத்தால் அம்மா கதவைச் சாத்துகிற சாத்தில் விழுந்து உடையும் என்று பயம். வெயில் நேரே இறங்குகிற ரூம் அது. சித்திரையில் கதவுப் பிடியைத் தொட்டால் கை சுடும். அங்கே அது மூன்று நாலு வருஷம் கிடந்தது, எல்லாரும் மறந்தே போனோம்.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வந்த மூன்று சம்பந்தமும் ஏதோ ஒரு காரணத்தில் நின்றுவிட்டது. எனக்கு இயல்பாகவே கால் ஒரு இடத்தில் நிற்காது. அந்த வயதில் கேட்கவே வேண்டாம். காலையில் இன்ஸ்டிடியூட்டில் முப்பது மெஷின் தட்டுகிற சத்தம், வீட்டுக்கு வந்தால் பக்கத்துத் தெருத் தறி தட்டுகிற சத்தம், அம்மா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து விடுகிற பெருமூச்சு. எங்கேயாவது போனால் போதும் என்றிருந்தது. நாலாவதாக வந்தவருக்குப் பம்பாயில் துறைமுகத்துச் சரக்குக் கம்பெனி ஒன்றில் வேலை. வீடு வாசுதேவநல்லூர். ஒரு உறவுக் கல்யாணத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தார். ரசம் விடுகிறவரிடம் "அந்தப் பக்கம் முதல்ல விடுங்க" என்று என் இலையைக் காட்டினார். அவ்வளவுதான். எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே சொல்ல வெட்கம். உள்ளுக்குள் பம்பாயில் குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டேன்.

பேச்சு முடிகிற நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரிடையரான தலைமையாசிரியர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் மைத்துனர் ஒருவர் திருநெல்வேலியில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்தார். பர்மிட் லிஸ்டில் அப்பா பேரை அவர் பார்த்திருக்கிறார். 'விசாரித்ததில் இப்படி அறிந்தோம். நேரில் வந்து பேசுகிறோம்' என்று இருந்தது.

அவர்கள் வர எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் நான் மனுஷியாக இல்லை. பிள்ளைகளுக்கு டைப் அடித்துக் காட்டும்போது எனக்கே தப்பு விழுந்தது. போஸ்ட்மேன் சைக்கிள் மணி கேட்டால் மாடியிலிருந்து ஓடி வருவேன். அம்மா என்மேல் எரிந்து விழுவாள், நான் அப்பாமேல் விழுவேன்.

"ஒரு பாட்டிலுக்கு ஃபாரமா? உலகத்துல எவனாவது செய்வானா?"

"நீ ஏம்ட்டி பதறுத? மூடி அப்படியே இருக்கு. எடுத்துக் காட்டுனா முடிஞ்சுதுல்லா" என்றார் அப்பா. அவர் மட்டும்தான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினார்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் அந்த ஆபீஸ் மாமாவும். காபி குடித்து, மழையைப் பற்றிப் பேசி, பூ விலை பேசி, அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்கள். அப்பா எஸ்டேட், மேனேஜர், பர்மிட் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு உற்சாகமாக மாடிக்குப் போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரம் நிறுத்தினார்.

"பாருங்க. ஈயத்தகடு பிரிக்கவே இல்லை."

ஆபீஸ் மாமா குனிந்து பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். "மூடி சரிதான் அண்ணாச்சி. சரக்கு கொறஞ்சிருக்கே?"

நான் அடுக்களை வாசலிலிருந்து பார்த்தேன். குறைந்துதான் இருந்தது. கழுத்துவரை நிற்க வேண்டியது, தோளுக்குக் கீழே மூன்று விரல் இறங்கி நின்றது. அப்பா பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"எப்படின்னு தெரியலையே" என்றார்.

"பக்குவமா எடுத்தா தகட்டைக் கழத்தித் திரும்பவும் மாட்டிரலாம்" என்றார் மாமா. மிரட்டலாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னார், அதுதான் எனக்கு வலித்தது.

அப்பா திரும்பி என்னைத்தான் முதலில் பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வை என்னவென்று எனக்குத் தெரியும். மச்சு ரூமில் சாயங்கால நேரத்தில் தனியாக உட்கார்ந்து அவர் பழைய கடிதங்களைப் பார்ப்பது வழக்கம். கடிதம்தான் பார்த்தாரா என்று அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்துவிட்டேன். பாவி, யோசித்தது முகத்திலும் தெரிந்திருக்கும்.

தலைமையாசிரியர் நல்ல மனுஷர். அதுவே வினையாயிற்று. அவர் மெதுவாகச் சொன்னார், "குடிக்கிறது மனுஷனுக்குள்ள பலவீனம். அதை நான் பெருசா நெனைக்கலை. பொய் சொல்லுத வீட்டுல மட்டும் பொண்ணு எடுக்க மாட்டேன். எப்பவாவது ஒரு வாய் குடிச்சேன்னு ஒத்துக்கிடுங்க, இத்தோட விட்டுருவோம். இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

அப்பா பாட்டிலைக் கீழே வைத்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? 'எங்க அப்பா குடிக்க மாட்டாரு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு பம்பாய் வேண்டும், அந்த மனுஷர் வேண்டும். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"ஆமா சார்" என்றார் அப்பா. "எப்பவாவது. கொஞ்சம்."

"அவ்வளவுதானே! இதுக்கா இத்தனை?" என்று தலைமையாசிரியர் எழுந்து அவர் தோளைத் தட்டினார். "இனிமே வேண்டாம், என்ன? இப்பமே ஊத்திருவோம்."

அப்பாவே பாட்டிலைப் பாத்திரம் கழுவுகிற அங்கணத்துக்குக் கொண்டுபோனார். தகட்டைக் கத்தியால் கீறிக் கார்க்கைத் திருகியபோது அது வரவில்லை. மண்டைவெல்லம் மாதிரி கையிலேயே உதிர்ந்தது. "திறந்து திறந்து மூடினா அப்படித்தான்" என்றார் மாமா. மீதியை அப்பா கத்தி முனையால் உள்ளே தள்ளிவிட்டு ஊற்றினார். வீடு முழுக்க மணத்தது, தேனும் புகையும் கலந்த மாதிரி. அப்படி ஒரு மணத்தை நான் அதற்கு முன் முகர்ந்ததில்லை. அம்மா இரண்டு குடம் தண்ணீர் விட்டுக் கழுவினாள்.

கல்யாணம் நடந்தது. விஷயமும் எப்படியோ வெளியே கசிந்தது. சபைக் கமிட்டியில் அப்பாவை அடுத்த தடவை எடுக்கவில்லை. போதகர் ஐயா வீட்டுக்கே வந்து ஜெபித்துவிட்டுப் போனார். அப்பா முழங்கால் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அம்மா பிறகு எழுதினாள்.

நான் பம்பாய்க்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனில், ரயில் வருவதற்கு முன், அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போனேன். பெரிய மனசோடு பேசுவதாக எனக்கு நினைப்பு.

"அப்பா, அதைப் பத்தி நான் ஒண்ணும் நெனைக்கலைப்பா. நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க."

அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "சரி மக்கா" என்றார். பெட்டியை எடுத்துக்கொடுத்தார்.

பம்பாயில் ஐந்தாறு வருஷம் போயிற்று. ஒரு கிறிஸ்துமஸ் சமயம் என் வீட்டுக்காரரின் கம்பெனி மேனேஜர் வீட்டுக்குப் போனோம். ஹாலில் கண்ணாடி அலமாரி, உள்ளே லைட், வரிசையாக ஸ்காட்ச் பாட்டில்கள். கப்பல் கேப்டன்களிடம் வாங்கிச் சேர்த்தது. பாதியை அவர் திறப்பதே இல்லை, பார்ப்பதற்கே வைத்திருந்தார். சிலர் தபால்தலை சேர்க்கிற மாதிரி. ஒவ்வொன்றாக எடுத்து வயசு சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு பழைய பாட்டிலைக் காட்டினார். மூடி பிரிக்கவில்லை. சரக்கு நாலு விரல் இறங்கியிருந்தது.

"இதை எனக்கு வித்தவன் படுக்கவே போட்டு வச்சிருக்கான், மடையன். ஒயினைத்தான் படுக்கப் போடணும். விஸ்கி கார்க்கை அரிச்சிடும். உஷ்ணம் வேற இருந்தா கேட்கவே வேண்டாம், மூடி மூடினபடி இருக்க, உள்ளே இருக்கிறது போயிடும். திறந்தா கார்க் பொடிப்பொடியா உதிரும்."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பால்கனியில் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். என்னவென்று கேட்ட வீட்டுக்காரரிடம் வயிறு சரியில்லை என்றேன். லீவு கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. கடிதத்தில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து கிழித்துப்போட்டேன். ரயிலில் இரண்டு நாளும் என்னால் ஜன்னல் ஓரத்தில்கூட உட்கார முடியவில்லை.

வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக்கூட இறக்கவில்லை. அப்பா முன்ரூமில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். படுக்கப் போட்டது, வெயில், கார்க். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"தெரியும் மக்கா. அன்னைக்கு அவங்க போன பொறவு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கோட்டுல ஒரு கை அகலத்துக்குக் கறை. வாடையும் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா? அன்னைக்கே அவங்களுக்கு எழுதியிருக்கலாமே!"

"எழுதலாம். காலையில குடிச்சேன்னவன் சாயங்காலம் குடிக்கலைன்னா, அந்தச் சார் என்ன நெனைப்பாரு? பொய் சொல்லுத வீடுன்னு நெனைப்பாரு. உன் கல்யாணம் நின்னிருக்கும்."

"சரி, அவங்களை விடுங்க. என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா? கல்யாணம் முடிஞ்ச பொறவாவது? ஸ்டேஷன்லயாவது?" என் குரல் உயர்ந்துவிட்டது. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. கோபம் யார்மேல் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"சொல்லணும்னுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன்" என்றார். "நீ கேப்பேன்னு நெனைச்சேன். நீ கேக்கலை மக்கா. மன்னிச்சுட்டுல்லா போயிட்ட."